முகூர்த்த நாட்களில் வராதவன்

இந்த வருஷம் என் பெயருக்கு நேரே
ஏறிய ஒரே எண்
ரத்த அழுத்தம்தான்.
பிள்ளைகளுக்காக வந்த மருத்துவ முகாமில்
சும்மா கையை நீட்டினேன்.
நூற்று ஐம்பத்தெட்டு.
"வேலையில டென்ஷனா டீச்சர்?" என்றாள் செவிலி.
பின்னால் வரிசையில் நின்ற ஏழாம் வகுப்பு
"ஆமாக்கா" என்றது ஒரே குரலில்.

காலை ஏழு பத்துக்கு ஆரப்பாளையத்தில் பஸ்.
நாகமலை வந்ததும் ஜன்னலுக்குத் திரும்பிக்கொள்வேன்.
ஏறி, இறங்கி, கொஞ்சம் சமமாய் ஓடி,
மறுபடி இறங்கி
வானத்தில் யாரோ போட்ட வரைபடமாய்க் கிடக்கிறது அது.
அந்த இறக்கத்துக்கு
இதுவரை ஒருவரும் அதனிடம்
விளக்கம் கேட்டதில்லை.

என்னிடம் கேட்டார்கள்.
அரையாண்டுத் தேர்வு ஆய்வுக் கூட்டத்தில்
எழுபதுக்குக் கீழே உள்ளவர்கள் எழுந்து நிற்கவும்.
நின்றோம்.
கணக்கு நான்கு பேர், ஆங்கிலம் இரண்டு,
அறிவியல் ஒருவர், ஏழு மாதம்,
அவரை மட்டும் உட்காரச் சொன்னார்கள்.
மைக்கில் என் பள்ளியின் பெயர்,
பிறகு என் பெயர்,
பிறகு அறுபத்தெட்டு புள்ளி நான்கு.
அந்தப் புள்ளி நான்கை அவர் உச்சரித்த விதம்
இன்னும் காதுக்குள் கொசுவாய்ச் சுற்றுகிறது.

இருபத்திரண்டு வருஷமாய்
நான் பிள்ளைகளை ஏற்றி நிறுத்திய பெஞ்சு
எத்தனை உயரம் என்று
அன்றுதான் தெரிந்தது என எழுதினால்
நன்றாயிருக்கும்.
உண்மையில் நான் நினைத்தது
சேலையின் பின்பக்கம் கசங்கியிருக்குமோ என்று.

விளக்கப் படிவத்தில் காரணத்துக்கு
ஒன்றரை வரி விட்டிருந்தார்கள்.
'தொடர் வருகையின்மை' என்று நிரப்பினேன்.
காசிமாயன் அதற்குள் கொள்ளவில்லை.
முப்பத்தொரு மதிப்பெண்.
அவன் ஒருவன் தேறியிருந்தால்
முப்பத்தெட்டுக்கு இருபத்தேழு, எழுபத்தொன்று,
உட்கார்ந்தே இருந்திருப்பேன்.
அவன் வராத நாட்களைப் பதிவேட்டில் கோத்துப் பார்த்தேன்.
ஆவணியில் ஆறு, ஐப்பசியில் ஐந்து,
கார்த்திகையில் எட்டு.
புரட்டாசியில் ஒரு நாள்கூட இல்லை.
கணக்கு டீச்சருக்கு இது விளங்க
ஒரு பஞ்சாங்கம் தேவைப்பட்டது.

தை பிறந்து முதல் ஞாயிற்று முகூர்த்தம்.
பசுமலையில் எங்கள் தமிழய்யா மகள் கல்யாணம்.
இரண்டாம் பந்தியில்
சாம்பார் வாளியோடு வந்தான்,
தலையில் வலைத்தொப்பி,
கைக்குப் பெரிதாய் பிளாஸ்டிக் உறை.
என்னைப் பார்த்ததும்
நாலு இலை தாண்டிப் போகப் பார்த்தான்.
பந்தியில் அப்படிப் போக முடியாது.
குனிந்து, கரண்டியைச் சாய்க்காமல், மெல்ல,
"டீச்சர், என்னாலதான ஒங்கள நிக்க வெச்சாங்க?"

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.
பள்ளிக்கூடத்தில் ரகசியம் எந்த வருஷம் தங்கியிருக்கிறது.
இருபடிச் சமன்பாடு,
வியாழக்கிழமை எழுதாமல் விட்ட ஸ்லிப் டெஸ்ட்,
உங்கப்பாவை வரச்சொல்,
எல்லாம் தொண்டைவரை வந்துவிட்டன.
பக்கத்து இலைக்காரர் "தம்பி, இங்க" என்று கை நீட்டினார்.

"மொதல்ல சாம்பார ஊத்துடா,
சோறு ஆறுது."

ஊற்றினான்.
நான் கட்டிய சோற்றுக் கரை உடைந்து
வாழையிலை தாண்டி
மேசைத்தாள் வரை ஓடுமளவுக்கு.

திங்கட்கிழமை.
மாத்திரை, வெறும் வயிற்றில் ஒன்று.
வருகையைப் பதிவேற்ற நெட்வொர்க் கிடைப்பது
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்.
ஆறு ஆசிரியர்கள், ஆறு போன்,
மழை கேட்பவர்கள் போல் கையைத் தூக்கி நின்றோம்.
காசிமாயன் வந்திருந்தான்,
நாலாவது பெஞ்சு, நகக்கண்ணில் மஞ்சள்.

பொதுத்தேர்வு வரைக்கும்
முகூர்த்த நாட்களைக் காலண்டரில் சுழித்தேன்.
சுழிக்காதவை நாற்பத்தொன்று.
அதற்குள் நாலு மதிப்பெண் இருக்குமா?
தெரியாது.
பதினோரு மணிக்கு
தலைமையாசிரியர் அறையிலிருந்து ஆள் வந்தது,
கையில் இன்னொரு படிவம்.
"அஞ்சு நிமிஷம்" என்றேன்,
போர்டில் பாதிக் கணக்கு நின்றிருந்தது.